திருச்சியில் வாங்க என்ன இருக்கிறது?

தன்னந்தனியாக ஊர் சுற்றும் வெளிநாட்டுப் பயணிகள் திருச்சிக்கும் வருகிறார்கள்.

காலையில் மலைக்கோட்டை. வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை. உச்சியில் நின்றால் காவிரியும், அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தெரியும்.

மாலையில் ஸ்ரீரங்கம். 7 மதில்கள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர் பரப்பு! தெற்கு ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற அது, 1987-ம் ஆண்டில்தான் முழுமை பெற்றது.

கண் நிறைந்தது. பை நிறைந்ததா?

கடைத்தெருவில் பயணியின் கைக்கு எட்டுவது, எல்லா ஊரிலும் கிடைக்கும் பிளாஸ்டிக் பொம்மை!

திருச்சியில் வேறு சரக்கு இல்லையா? இருக்கிறது. உறையூர் கைத்தறிச் சேலை உண்டு. பட்டை தீட்டிய செயற்கை வைரம் உண்டு. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்தக் காலத்தில் திருச்சி சுருட்டு இங்கிலாந்துக்குப் போனது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் பெயர் வருகிறது. சரக்கோடு ஊர்ப்பெயரும் கடல் கடந்தது!

பிறகு குறை எங்கே? எடுத்துச் சொல்வதில்தான்.

"இது உறையூரில் நெய்தது" என்று ஒரு சீட்டு தொங்கட்டும். விலையும் அதிலேயே இருக்கட்டும். வெளிநாட்டார் என்றதும் விலையை இரட்டிப்பது வியாபாரம் அல்ல. ஏமாறுபவர் ஒருவர், அதைக் கேட்பவர் நூறு பேர்!

பொம்மை விற்றால் கடைக்காரருக்கு மட்டும் லாபம். சேலை விற்றால் நெசவாளர் வீட்டிலும் உலை கொதிக்கும்.