பழம் யாருக்கு? – யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் உணவு பற்றிய ஒரு கண்டனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தேங்கிய மழைநீரைத் துலாவினாலும் பின்னர் இயந்திரத்தினாலும் இறைத்து, வலிகாமத்துச் செம்மண்ணைத் தோட்டமாக்கிய உழைப்பே இப்பிரதேசத்தின் பொருளாதார வரலாற்றின் பெரும்பகுதியாகும். நீர்வேலியின் வாழை, தென்மராட்சியின் மாவும் பலாவும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முருங்கைக்காய் ஆகியன குடாநாட்டுக்கு வெளியேயும் பெயர்பெற்றவை. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்னிலங்கையின் சந்தையை நிரப்பும் ஆற்றல் தனக்கு உண்டென்பதை யாழ்ப்பாணத்து விவசாயி மெய்ப்பித்தான். போர்க்காலத்தில் வலிகாமம் வடக்கின் வளமான செம்மண் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, அவற்றுள் ஒரு பகுதி இன்றும் உரியவர் கைக்கு வராதிருப்பினும், சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம், கொடிகாமம், சாவகச்சேரி ஆகிய சந்தைகள் இன்றும் விடியுமுன்னரே காய்கறியாலும் பழத்தாலும் நிறைகின்றன.

இத்தகைய மண்ணிற் பிறந்த பிள்ளை பாடசாலை இடைவேளையில் எதனை உண்கின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. றோல்ஸ், பற்றிஸ், மிதிவெடி என்று பெயர்பெற்ற பெரிய றோல்ஸ், சீனி பூசிய பணிஸ், பக்கற்றில் அடைத்த மாப்பொரியல், நிறமூட்டிய சோடா ஆகியவையே பெரும்பாலான சிற்றுண்டிச்சாலைகளின் இருப்பாகும். வாயிலுக்கு வெளியே ஐஸ்பழ வண்டி நிற்கும். பாடசாலையைச் சூழ்ந்து விற்கப்படும் பண்டங்களுள் ‘பழம்’ என்னும் சொல்லைத் தாங்கி நிற்பது அதுவொன்றே. அதனுள்ளும் இருப்பவை நீரும் சீனியும் சாயமுமே. பாடசாலைக்கு அரைமைல் தொலைவில் கொய்யாவும் பப்பாசியும் கனிந்து விழுகின்றன என்பதை அந்த வண்டியைச் சூழ்ந்து நிற்கும் பிள்ளையிடம் எவரும் கூறுவதில்லை, கூறினாலும் பயனில்லை, ஏனெனில், அவை அங்கே விற்கப்படுவதில்லை.

இந்நிலைக்குப் பெரியோர் கண்ட பரிகாரம் உபதேசமாகும். சுகாதார பாடத்தில் ‘சமநிலை உணவு’ என்றோர் அலகு உண்டு. ஊட்டச்சத்து மாதம் வந்துவிட்டால் சுவரொட்டிப் போட்டி, பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி என்பன நடைபெறும். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், இரும்புச்சத்து குறைந்தால் சோகை வரும் என்று பிழையின்றி எழுதிய மாணவிக்கு முதற்பரிசு கிடைக்கும். பரிசளிப்பு முடிந்ததும் அவளுக்கும் நடுவருக்கும் வழங்கப்படுவன றோல்ஸும் சோடாவும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 6 முதல் 9 வயதுவரையான பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 350 கிராம் பழமும் காய்கறியும் வேண்டும். 10 வயதுக்கு மேல் 400 கிராம் வேண்டும். இவ்வெண்களைப் பிள்ளை மனனஞ் செய்துவிடலாம். ஆயின், மனனஞ் செய்த 400 கிராம் இரத்தத்திற் கலப்பதில்லை. குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் முறை 2016இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடே. எனினும், சிவப்புக் குறியிட்ட போத்தலைத் தவிர வேறெதுவும் தட்டில் இல்லாதவிடத்து அந்நிறம் எதனைத் தடுக்கும்?

“பிள்ளைக்குக் காய்கறி பிடிக்காது” என்பது வீட்டிலும் பாடசாலையிலும் ஒருங்கே கேட்கும் வாக்கியம். பிடித்தம் என்பது பிறவியில் வருவதன்று. இனிப்பை விரும்பும் இயல்பு குழந்தைக்கு உண்டு. கைப்பையும் புதுச்சுவையையும் ஐயுறும் இயல்பும் உண்டு. ஆனால், ஒரே உணவைச் சிறிது சிறிதாகப் பத்துத் தடவைக்கு மேலும் வற்புறுத்தலின்றிச் சுவைக்கக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் அதனை ஏற்றுக்கொள்வர் என்பது குழந்தை உளவியலாளர் பலமுறை ஆராய்ந்து கண்ட முடிபு. ‘கீரையைத் தின்றால் ரொபி தருவேன்’ என்று கூலி பேசுவது எதிர்விளைவையே தரும் என்பதும் அவர்கள் கண்டதே. கூலி கொடுத்துத் தின்னச் செய்யும் பொருள் கெட்ட பொருளாகத்தான் இருக்கவேண்டுமெனப் பிள்ளை முடிவு செய்துவிடுகின்றது. இரண்டு முறை வைத்துப் பார்த்து, மூன்றாம் முறை நூடில்ஸைக் கிண்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் நாக்கைக் குறைகூறுவது நியாயமாகாது.

நாக்கைப் பழக்குவது சமூகமேயெனின், இச்சமூகம் எதனைப் பழக்குகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பழம் முதலில் கடவுளுக்கு உரியது. அடுத்து நோயாளிக்கு உரியது. அருச்சனைத் தட்டில் வாழைப்பழம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குச் செல்பவர் கையில் தோடம்பழமும் முந்திரிகையும் இருக்கும். உடல்நலத்தோடு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நாள்தோறும் பழம் வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றவில்லை. கீரையின் நிலை இதனினும் இழிந்தது. வேலியோரத்து முருங்கையிலை, குப்பைமேட்டுப் பசளி, வயல்வரம்பின் வல்லாரை ஆகியவை காசின்றிக் கிடைப்பதனாலேயே மதிப்பிழந்தன. விருந்தினர் வந்த வீட்டிலே முருங்கையிலை வறை வைப்பதற்கு இல்லத்தலைவி கூசுகின்றாள். அமெரிக்க உதவியாக வந்து குவிந்த கோதுமை மாவும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலையும் நாடு முழுவதையும் பாணுக்கும் பணிஸுக்கும் பழக்கின. மாவினாலாகிய பண்டம் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. இலைக்கறி வறுமையின் அடையாளமாயிற்று. காலையில் பாணும் தேநீரும் உண்டு வரும் பிள்ளையின் உடலில் அத்தேநீரே உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடைசெய்கின்றது. அதே உணவோடு ஒரு கொய்யாப்பழம் சேர்ந்திருப்பின், தோடம்பழத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உயிர்ச்சத்து சி கொண்ட அக்கனி இரும்புச்சத்தின் உறிஞ்சலைக் கூட்டியிருக்கும். ஆயின், கொய்யா வெளவாலுக்கும் அணிலுக்கும் விடப்பட்டுள்ளது.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டியது தனியார் கல்வி நிலையம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடக்கம் உயர்தரம் வரை பிள்ளையின் மாலைப்பொழுதை அது விழுங்கிவிடுகின்றது. பாடசாலை விட்டதும் மதியச் சோற்றை அரைகுறையாக விழுங்கி, அல்லது அதுவுமின்றி, மாலை ஐந்து ஆறு மணிவரை ஓலைக்கொட்டிலிலோ தகரக்கொட்டிலிலோ அமர்ந்திருக்கும் மாணவனின் உணவு அயலிலுள்ள வெதுப்பகத்தில் தீர்மானிக்கப்படுகின்றது. மகன் வைத்தியனாகவேண்டும் என்பதற்காக ஆயிரக்கணக்கில் கட்டணஞ் செலுத்தும் பெற்றோர், அவன் வைத்தியனாகுமுன் நோயாளியாகாதிருக்க ஒரு வாழைப்பழத்தின் விலையைச் செலவிடத் தயங்குகின்றனர். நீரிழிவு மலிந்த நாட்டிலே இது சிரிப்புக்குரிய விடயமன்று.

இங்கே எழக்கூடிய மறுப்புகள் மூன்று. முதலாவது வறுமை. இதனை இலகுவில் தள்ளிவிட முடியாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அன்று பலகாரத்தைப் போலவே பழமும் ஏழைக்கு எட்டாப் பொருளாயிற்று; கூலித் தொழிலாளியின் வீடு அக்காலத்து இழப்பிலிருந்து இலகுவில் மீளவில்லை. அத்தகைய வீட்டுத் தாயிடம் ‘பிள்ளைக்குப் பழம் கொடுங்கள்’ என்று கூட்டம் வைத்துக் கூறுவது அறிவுரையன்று, அவமதிப்பு. ஆனால், இதே குடாநாட்டில் தை, மாசி மாதங்களில் அறுவடை ஒருங்கே வந்து கோவாவும் பூசணியும் பீற்றூட்டும் விலைவீழ்ந்து, ஏற்றுக்கூலிக்கும் கட்டாமல் தோட்டத்திலேயே விடப்படுவதும் உண்டு. சந்தைக்குக் கொண்டுசென்றால் நிறையிற் பத்து வீதம் ‘கழிவு’ என்று அறவிடும் வழக்கத்திற்கு எதிராக விவசாயிகள் நெடுங்காலமாகக் குரலெழுப்பி வருகின்றனர். ஒருபுறம் வாங்குவாரில்லாத காய்கறி. மறுபுறம் காய்கறியில்லாத பிள்ளை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது வறுமை மாத்திரமன்று, ஒழுங்கின்மையுமாகும். பாடசாலை ஒரு நிலையான கொள்வனவாளனாக நிற்குமாயின், விவசாயிக்கு உறுதியான விலையும் பிள்ளைக்கு உறுதியான உணவும் ஒரே ஏற்பாட்டாற் கிட்டும்.

இரண்டாவது மறுப்பு நஞ்சு பற்றியது. ‘மருந்தடித்த மரக்கறியைத் தின்பதிலும் தின்னாமலிருப்பது மேல்’ என்று படித்தவர்களே கூறுகின்றனர். குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதும், அளவுமீறிய உரப்பாவனை அதற்கு ஒரு காரணமென்பதும் ஆய்வுகளால் அறியப்பட்ட உண்மைகள். ஆனால், இவ்வச்சம் காய்கறியைக் கைவிடுவதற்கான நியாயமாகாது. பயிர்ச்செய்கையைத் திருத்துவதற்கான நியாயமாகும். 2021இல் ஒரேயடியாக இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டிலேயே அத்தடையை நீக்கிய அனுபவம், இது கட்டளையால் ஒரு நாளில் ஆகும் காரியமன்று என்பதைக் காட்டிற்று. அன்றியும், மருந்துக்கு அஞ்சுபவர் அக்கையாலேயே பலமுறை கொதித்துக் கறுத்த எண்ணெயிற் பொரித்த றோல்ஸைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது எவ்வகை விழிப்புணர்வு என்பது விளங்கவில்லை. வேலி முருங்கைக்கும் வளவுக் கொய்யாவுக்கும் மருந்தடிப்பார் எவருமிலர்.

மூன்றாவது, பழம்பெருமை பேசுவோரின் மறுப்பு. ‘முன்னோர் குரக்கனும் கூழும் கீரையும் உண்டு நூறாண்டு வாழ்ந்தனர், அந்த உணவுக்குத் திரும்பினாற் போதும்’ என்பது அவர் வாதம். ஒடியற்கூழும் இலைக்கஞ்சியும் சிறந்த உணவுகளே. வடக்கில் பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்கள் அவற்றை மீண்டும் விலைபோகும் உணவாக்கியமை பாராட்டுக்குரியது. ஆனால், அந்தப் பழைய யாழ்ப்பாணத்தில் நிலமில்லாதவன் கஞ்சிக்கும் கையேந்தினான். ஆண்கள் உண்டபின் எஞ்சியதையே பெண்கள் உண்டனர். குழந்தை மரணம் மலிந்திருந்தது. இல்லாத பொற்காலத்தைக் காட்டி இன்றைய கடமையைத் தட்டிக்கழிப்பது தகாது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு அணுகின? தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்ரெம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காய்கறிச் சாம்பாரும் தட்டில் இடம்பெற்றது. யப்பானில் பாடசாலை உணவுக்கெனச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. உணவுக் கல்விக்கென 2005இல் மற்றொரு சட்டம் வந்தது. அங்கே பிள்ளைகளே தம் தோழருக்குப் பரிமாறுவர். உணவுவேளை பாடவேளையாகவே கொள்ளப்படுகின்றது. இங்கிலாந்தில் 2004 முதல் 4 முதல் 6 வயதுவரையான பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு பழமோ காய்கறியோ இலவசமாக வழங்கப்பட்டது. கொடுத்த காலத்தில் பழம் உண்பது கூடிற்று. வயதெல்லை கடந்து, கொடுப்பது நின்றதும் அப்பயன் நிலைக்கவில்லை என ஆய்வாளர் கண்டனர். இலங்கையிலும் அரசின் உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகின்றது. பிள்ளை வேகமாக வளரும் பருவத்திலே கை விடப்படுகின்றது.

பாடசாலையில் உணவிடுவது யாழ்ப்பாணத்துக்குச் சிறு விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி போசனத்தை வலியுறுத்தியது. பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது சாதிமான்கள் அதனை மூர்க்கமாக எதிர்த்தனர். ஒரே வாங்கில் இருந்து ஒரே உணவை உண்பது சமத்துவத்தின் முதற்பாடம் என்பதை அவ்வெதிரிகள் நன்குணர்ந்திருந்தனர். இன்றைய வாங்கு ஒன்றே. ஆனால், ஒரு பிள்ளையின் பெட்டியில் அப்பிளும் முட்டையும், அயற்பிள்ளையின் கையில் வெறும் பணிஸும் இருக்குமாயின், சம ஆசனம் கிடைத்ததேயன்றிச் சம போசனம் கிடைக்கவில்லை எனலாம்.

ஆகவே வேண்டுவது உபதேசமன்று, உணவு. சிற்றுண்டிச்சாலையைக் கூடிய தொகை கேட்பவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அவர் மலிவாகப் பழம் விற்பார் என எதிர்பார்ப்பது பேதைமை. குத்தகைப் பணத்தைக் குறைத்து, இடைவேளையில் அந்தந்தப் பருவத்துப் பழத்தை வெட்டி அடக்கவிலைக்கு விற்பதை நிபந்தனையாக்குதல் வேண்டும். பாடசாலை உணவின் சோற்றோடு இலைக்கறியும் ஒரு மரக்கறியும் தவறாது இடம்பெறல் வேண்டும். அவை அயற்கிராமத்து விவசாயியிடமிருந்து நேரே வாங்கப்படல் வேண்டும். அவ்வுணவு ஆரம்பப் பிரிவைக் கடந்தும் தொடர்தல் வேண்டும். 1972இன் கல்விச் சீர்திருத்தம் புகுத்திய தொழில்முன்னிலைப் பாடங்களை ‘எங்கள் பிள்ளை மண்வெட்டி பிடிக்கவோ?’ என்று ஏளனஞ் செய்த மத்தியதர வர்க்கம், 1977இன் பின் அவை கைவிடப்பட்டபோது மகிழ்ந்தது. அந்த மனப்பான்மை மாறாதவரை பாடசாலைத் தோட்டம் வலயக் கல்விப் பணிமனையார் பார்வையிட வரும் நாளில் நீர்பெறும் காட்சிப்பொருளாகவே இருக்கும்.

பல்கலைக்கழகமும் இக்கண்டனத்துக்குப் புறம்பானதன்று. வேளாண்மை பயிற்றும் பீடமும் மருத்துவம் பயிற்றும் பீடமும் கொண்ட ஒரு நிறுவனத்தின் கூட்டங்களில், விழாக்களில், தமிழ்ச் சங்க நிகழ்வுகளிலும் பரிமாறப்படுவது அதே மாப்பண்டமும் அதே சோடாவுமே. மேடையில் மண்ணையும் மரபையும் போற்றிப் பேசியவர் இறங்கிவந்து உண்பது எதுவெனப் பாடசாலைப் பிள்ளை கவனிக்கின்றது. அடுத்த விழாவில் நீர்வேலிக் குலையொன்று வாங்கி வைப்பதற்கு நிதியும் தேவையில்லை, தீர்மானமும் தேவையில்லை. அதனையும் செய்யாதவர்க்குப் பிள்ளையின் நாக்கைப் பற்றிப் பேச உரிமை இல்லை.