உடலும் உயிர்த்தெழுமா?

சென்ற கல்லறைத் திருநாளன்று, தாத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என் பாட்டி கேட்டார்: "ஏன் கண்ணு, நானும் ஒருநாள் எழும்புவேனே, இந்தக் கூன் முதுகோடயா எழும்புவேன்?"

"உடம்பு மண்ணாயிடும் பாட்டி, ஆன்மாதான் மோட்சம் போகும்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு விசுவாசப் பிரமாணத்துல சரீர உத்தானம்னு சொல்றோம்?"

நான் விழித்தேன். வீடு திரும்பியதும் விவிலியத்தைப் புரட்டினேன். அதன் விளைவே இச்சிறு கட்டுரை.

அன்புத் தோழியரே! ஆன்மா மட்டுமே வாழும் என்ற எண்ணம் புதிதன்று. கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் வழிவந்தோர் உடலை ஆன்மாவின் சிறையாக எண்ணினர். புனித சின்னப்பர் ஏதென்ஸ் நகரில் இறந்தோரின் உயிர்ப்பைப் பற்றிப் பேசியபோது சிலர் நகைத்தனர். ஆனால் நற்செய்தி காட்டும் உயிர்த்த இயேசு வெறும் ஆவியல்லர். சீடர் முன் மீனை உண்டார். ஐயுற்ற தோமையாருக்குத் தம் காயங்களைக் காட்டினார். அந்தத் தோமையாரின் கல்லறை என நம் முன்னோர் போற்றி வந்த இடமே சென்னையிலுள்ள சாந்தோம்.

அப்படியானால் பழைய உடலே அப்படியே திரும்புமா? அதுவும் முழு உண்மையன்று. லாசர் எழுந்தார், ஆனால் மீண்டும் இறக்க வேண்டியவராகவே எழுந்தார். இயேசுவோ சாவை வென்று எழுந்தார். பூட்டிய கதவுக்குள் வந்து நின்றார். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் இதை விதைக்கு ஒப்பிடுகிறார். விதைத்த நெல்லும் விளைந்த பயிரும் ஒன்று போல் இல்லை. ஆயினும் அந்த நெல்லிலிருந்தே இந்தப் பயிர். அவர் கூறும் ஆவிக்குரிய உடல், உடலற்ற ஆவியன்று. தூய ஆவியால் வாழும் உடல்.

தகனம் செய்தால் உயிர்ப்பு இல்லையோ என அஞ்சுவாரும் உளர். 1963-இல் திருச்சபை தகனத்தை அனுமதித்தது. 2016-இல், அடக்கமே சிறந்தது என்றும், சாம்பலைத் தூவாமல் புனித இடத்தில் வைக்கவேண்டும் என்றும் நினைவூட்டியது. சாம்பலிலிருந்தும் எழுப்ப இறைவன் வல்லவர்; ஆயினும் உடல் மதிப்புக்குரியது என்பதே இதன் பொருள்.

இப்போதனை கல்லறைக்கு மட்டும் உரியதன்று என்பதே என் கருத்து. உடல் கழற்றி எறியும் கந்தலானால், பசித்தவருக்குச் சோறிடுவது எதற்கு? நோயாளியின் புண்ணைக் கழுவுவது எதற்கு? "கறுப்பி", "நொண்டி" என்று தோழியைக் கேலி செய்கிறோமே, நாம் இகழும் அந்த உடலே மகிமைக்கு அழைக்கப்பட்ட உடல்! கண்ணாடி முன் நின்று நம்மை நாமே வெறுப்பதும் அதே தவறுதான்.

மறுநாள் பாட்டியிடம் சொன்னேன்: "எப்படி எழும்புவீங்கன்னு எனக்குத் தெரியாது பாட்டி. ஆனா இயேசுவோட காயம் மறையல. எங்களைச் சுமந்து வளைஞ்ச முதுகையும் அவர் மறக்கமாட்டார்."

பாட்டி சிரித்தார். "அப்ப சரி. இப்ப கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு."

தேய்த்துவிட்டேன்.

— 11-ஆம் வகுப்பு மாணவி