டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி

ராசிபுரத்துப் பெரியப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். சக்திமான் லாரி. ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் நாமக்கல்லில் சொந்தமாக ஒரு டாரஸ் கட்டி, நேஷனல் பர்மிட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினார். இப்போது வீட்டோடு இருக்கிறார். ரிமோட் மட்டும் அவர் கையில்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டிவியில் பழைய இங்கிலீஷ் யுத்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பில் வருகிற ஒருவன் தோளில் குட்டையாக ஒரு மரத் துப்பாக்கி. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதக் குடுத்திருந்தா என்ற முழங்கை தப்பிச்சிருக்கும் அம்முணி."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அவர் காலத்தில் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். ரைஃபிள். ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், நாலு கிலோவுக்கும் மேல் எடை. கேபினில் சீட்டுக்கு இடதுபக்கம் நிறுத்தி வைத்திருப்பாராம். கியர் போடும்போதெல்லாம் முழங்கை அதில் இடிக்கும். "இறங்கு"ன்னு சத்தம் வந்தால் அதை உருவி எடுப்பதற்குள் கட்டை ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொள்ளும். "மலை ரோட்டுல ஸ்டீயரிங்கப் புடிப்பனா, அதப் புடிப்பனா?"

படத்தில் அவர் பார்த்தது எம்-1 கார்பைன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செய்தது. யாருக்காகச் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா மாதிரி ஆட்களுக்காகத்தான்.

கார்பைன் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. குதிரைமேல் உட்கார்ந்து நீளத் துப்பாக்கியைத் திருப்ப முடியாது என்பதால் குட்டையாக்கிக் கொடுத்தார்கள். குதிரை போய் ஜீப்பும் லாரியும் வந்தபிறகும் பெயர் நின்றுவிட்டது.

1940-ல் ஐரோப்பாவில் ஜெர்மன் டாங்கிகள் முன்வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தன. பாராசூட்டில் ஆட்கள் நடு ஊரில் குதித்தார்கள். அதுவரை 'பின்வரிசை' என்றால் பத்திரமான இடம். லாரி ஓட்டுகிறவர், சமையல்காரர், டெலிபோன் கம்பி இழுக்கிறவர், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கிறவர் எல்லோரும் அங்கேதான். இனி அவர்களுக்கும் ஆபத்து என்றானபோது கையில் எதைக் கொடுப்பது? பிஸ்டல் கொடுத்தால் இருபத்தைந்து மீட்டர் தாண்டினால் சாதாரண ஆளால் குறிவைத்துச் சுட முடியாது. பெரிய ரைஃபிள் கொடுத்தால் அவர் வேலையே கெடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும், எடை ஐந்து பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ அளவில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டது.

வின்செஸ்டர் கம்பெனி ஏறக்குறைய இரண்டே வாரத்தில் மாதிரி செய்து காட்டியது. 1941 அக்டோபரில் ஒப்புக்கொண்டார்கள். உள்ளே குண்டின் வாயுவைக்கொண்டு அடுத்த குண்டை ஏற்றுகிற சின்ன பிஸ்டன் இருக்கிறதே, அதன் யோசனை டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவருடையது. கள்ளச்சாராய ரெய்டில் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் ஜெயிலுக்குப் போனவர். ஜெயில் பட்டறையில் உட்கார்ந்துதான் துப்பாக்கி வேலை செய்து பழகினார். 1952-ல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. சினிமா அவர் ஒருத்தரே எல்லாம் செய்ததாகக் காட்டும். உண்மையில் அந்த இரண்டு வாரம் வேலை பார்த்தது கம்பெனியின் மற்ற ஆட்கள். சினிமாக்காரர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

போர் முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அந்தப் போரில் அமெரிக்கா வேறு எந்தத் துப்பாக்கியையும் இவ்வளவு செய்யவில்லை. செய்தவர்கள் பட்டியல்தான் எனக்குப் பிடித்தது. ஐ.பி.எம்., அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி, காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா. எல்லோரையும்விட அதிகம் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு. அவர்கள் தொழிலை ஆரம்பித்ததே காருக்கு மர ஸ்டீயரிங் செய்து! பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பாத்தியா, ஸ்டீயரிங் செய்யறவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

சரி, எடையை எப்படிக் குறைத்தார்கள்? அப்போதைய அமெரிக்கப் பெரிய ரைஃபிள் நாலேகால் கிலோ. கார்பைன் 2.4 கிலோ, நீளம் 90 சென்டிமீட்டர். இரும்பைச் சுரண்டிக் குறைத்ததல்ல அது. குண்டையே சின்னதாக்கினார்கள். ஒரு தோட்டாவின் எடை ரைஃபிள் தோட்டாவில் பாதிதான். அதே சுமைக்கு இரண்டு மடங்கு தோட்டா தூக்கலாம். மேகஸினில் 15. தோளில் உதைப்பதும் குறைவு, அதனால் பயிற்சி குறைந்த ஆளும் பயமில்லாமல் சுடலாம். இதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், குண்டின் வேகமும் விசையும் குறைந்தன. குழாயை விட்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் பெரிய ரைஃபிள் குண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இருநூறு மீட்டருக்குள் வேலை செய்யும். அதற்குமேல் நம்பக்கூடாது.

இதை மறந்தவர்கள்தான் பின்னால் திட்டினார்கள். லேசாக இருக்கிறதே என்று முன்வரிசைச் சிப்பாய்களும் அதிகாரிகளும் எடுத்துக்கொண்டார்கள். 1950-ல் கொரியப் போர். உறைபனியில் துப்பாக்கி மந்தமானது. பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு போட்ட சீன வீரர்களைக் குண்டு நிறுத்தவில்லை என்று புகார். அதில் பாதி, குறி தவறிய குண்டுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி நியாயமான புகார்தான். ஆனால் அந்தக் குண்டு அந்த வேலைக்குச் செய்ததே இல்லை. மினி லாரியில் முப்பது டன் ஏற்றிவிட்டு ஆக்ஸில் உடைந்தது என்று சொல்வது மாதிரி.

இதே நேரத்தில் பிரிட்டிஷ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பர்மா, மலாயா காடுகளுக்கென்று 1944-ல் அவர்கள் செய்தது 'ஜங்கிள் கார்பைன்'. குண்டை மாற்றவில்லை. நம் ஊர் போலீஸ் தூக்கித் திரிந்த அதே .303 குண்டு. துப்பாக்கியை மட்டும் வெட்டிச் சுரண்டி 3.2 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். தூக்குவதற்குச் சுகம். சுட்டால் தோள்பட்டை கழன்றுவிடும்போல உதைக்கும். கட்டையில் ரப்பர் வைத்துப் பார்த்தார்கள். அந்த ரப்பர் பட்டை குறுகலாக இருந்ததால் அடி ஒரே இடத்தில் விழுந்தது. குறி வேறு அடிக்கடி நகர்ந்துவிடுகிறது என்று புகார். 1947-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மலாயாவில் இந்த இரண்டு கார்பைனுமே இருந்தன. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டு, அவசரநிலை வந்தது. 1960 வரை நீடித்தது. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து பால் மரம் சீவப் போன குடும்பங்கள் இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வாழ்ந்தன. ஒருபக்கம் காட்டுக்குள் கெரில்லாக்கள். மறுபக்கம் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அடையாள அட்டை. பத்தடிக்கு மேல் கண் தெரியாத காட்டில் நூறு மீட்டர் போகிற லேசான துப்பாக்கி போதும். அங்கே கார்பைனைப் பற்றிப் புகார் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். இடம் பொருந்தியது.

நம் நாட்டில் 'கார்பைன்' என்றால் வேறு உருவம் மனதில் வரும். மந்திரி காரிலிருந்து இறங்கும்போது பின்னால் வருகிற காவலர் கையில், பக்கவாட்டில் மேகஸின் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கின் மாதிரியில் கான்பூரில் செய்தது. பிஸ்டலுக்குப் போடுகிற 9 எம்.எம். குண்டு. எடை 2.7 கிலோ, கட்டையை மடித்தால் அரை மீட்டருக்கும் குறைவு. டாங்கி ஆட்களுக்கு அது கச்சிதம். ஆனால் பிஸ்டல் குண்டு பிஸ்டல் குண்டுதான். எதிரி உடம்பில் கவசச் சட்டை வந்தபிறகு அது பழசாகிவிட்டது.

அதற்கு மாற்று தேடிய கதை நம் தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி. 2018-ல் 93,895 கார்பைனுக்கு அமீரகத்தின் கராகல் கம்பெனி குறைந்த விலை சொன்னது. அவசரக் கொள்முதல் என்றுதான் பெயர். 2020-ல் அதைக் கைவிட்டார்கள். 2022 ஜூலையில் உள்நாட்டிலேயே சுமார் நாலு லட்சம் வாங்க ஒப்புதல். 2025-ல் 4.25 லட்சம் கார்பைனுக்கு பாரத் ஃபோர்ஜ், பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் என்ற இரண்டு இந்தியக் கம்பெனிகள் முடிவாயின. இதில் பாரத் ஃபோர்ஜ் செய்யப்போவது டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து வடிவமைத்தது. இந்த முறை பிஸ்டல் குண்டு இல்லை, 5.56 எம்.எம். ரைஃபிள் குண்டு. ஜங்கிள் கார்பைனின் பாடத்தை மறக்காமல் செய்திருந்தால் நல்லது. இந்தக் குண்டு .303-ஐவிடச் சின்னது என்பதால் உதை பிரச்னை இருக்காது. ஆனால் குட்டைக் குழாயில் சத்தமும் நெருப்பும் அதிகம் வரும்.

இதெல்லாம் எங்கோ புனேயில் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நாமக்கல்லிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லிருந்து இயங்குகிறது. அவர்களும் 'திரிகா' என்று ஒரு குட்டை கார்பைன் செய்திருக்கிறார்கள். 2019 ஜனவரியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. சேலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் கேட்ட நாலு பேருக்கும் இது தெரியவில்லை. ஒரு அண்ணன் மட்டும் "வேலை குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டார். அவர் பையன் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானாம்.

திங்கட்கிழமை பெரியப்பாவுக்குப் போன் போட்டு, புதுக் கார்பைன் பற்றி இதையெல்லாம் படித்துக் காட்டினேன். குண்டு, கம்பெனி, கோடி எதையும் அவர் கேட்கவில்லை.

"நீளம் எத்தன அம்முணி?"

கட்டையை மடக்கலாமாம் பெரியப்பா என்றேன்.

"மடக்கி வெச்சா கியருக்கு இடிக்காதுல்ல?"