அணைக்குள் சக்கரம் இறங்கலாமா?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் பண்ணவாடிப் பக்கம் இருவகைக் கூட்டம் கூடுகிறது. நீருக்குள் மூழ்கிக் கிடந்த பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரம் முதலில் தலைகாட்டும். மட்டம் ஏறத்தாழ எழுபது அடிக்கு வரும்போது ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளிப்படும். இவற்றைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருவோர் ஒரு கூட்டம். நீர் விலகிய வண்டல் நிலத்தில் ஏரோட்டி விதை போட வரும் உள்ளூர் விவசாயிகள் மற்றொரு கூட்டம். முதல் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படத்துடன் செய்தி வரும். இரண்டாவது கூட்டத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு.

இப்போது இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று வரக்கூடும். அதுதான் குவாட் பைக் என்னும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளைப் போலக் கைப்பிடியும் காலை இருபுறம் போட்டு உட்காரும் இருக்கையும், டிராக்டரைப் போலப் பட்டை பட்டையான தடித்த டயரும் கொண்ட இந்த வண்டி, சாலையில்லாத இடத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. மலைத்தலங்களிலும் பொழுதுபோக்கு மையங்களிலும் வேலி போட்ட திடலுக்குள் இது சுற்றி வருவதைப் பலர் பார்த்திருப்பர். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாக மலைப் பள்ளத்தாக்குகளிலும் பழஞ்சின்னங்கள் உள்ள இடங்களிலும் போய்வரும் சுற்றுலா பல நாடுகளில் பெரிய தொழிலாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையும் சாகசச் சுற்றுலாவை வளர்க்க வேண்டிய துறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே மலையும் நீரும் மூழ்கிய கோயிலும் ஒருங்கே அமைந்த மேட்டூரின் மீது இத்தொழிலில் இருப்போரின் கண் படாமல் இருக்காது. வந்த பிறகு சண்டை போடுவதைவிட, வருமுன் யோசிப்பது நல்லது.

இந்த வண்டி உழவருக்குப் பகையாகப் பிறந்ததன்று. மூன்று சக்கரத்தோடு 1970-இல் ஹோண்டா கம்பெனி கொண்டுவந்த வண்டி விளையாட்டுக்கானது. ஆனால் எண்பதுகளில் நான்கு சக்கர வண்டிகள் வந்ததும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பண்ணைக்காரர்கள் அதைத் தமதாக்கிக் கொண்டனர். ஆடு மாடு மேய்க்கவும், வேலி பார்க்கவும், மருந்து தெளிக்கவும் அங்கே அது அன்றாட வண்டி. அதே பண்ணைகளில் அது கவிழ்ந்து உயிரிழந்தோரும் ஏராளம். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொது உபயோகத்துக்கான புதிய குவாட் பைக்குகளில் கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காமல் காக்கும் இரும்புக் கட்டமைப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டமே செய்துவிட்டார்கள். பழகிய பண்ணைக்காரருக்கே அந்த நிலை என்றால், அரை மணி நேரப் பாடத்தோடு சரிவில் ஏறும் சுற்றுலாப் பயணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் கவிழ்வது ஒருபுறம் இருக்கட்டும். மண் என்ன ஆகிறது என்பதே இங்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது.

வண்டிக்காரர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். கார் டயரில் முப்பது பவுண்டு காற்று என்றால் இதில் ஐந்து பவுண்டு அளவுதான், டயர் அகலம், எடை டிராக்டரில் ஒரு சிறு பங்கு, ஆகையால் மண்ணை அழுத்தாது என்பார்கள். பாதி உண்மை. நேராகவும் மெதுவாகவும் காய்ந்த தரையில் ஒருமுறை போனால் பெரிய சேதமில்லை. ஆனால் அப்படி ஓட்டுவதற்கு யாரும் காசு கொடுத்து வருவதில்லை. திடீரென்று முடுக்கும்போதும், வளைக்கும்போதும், சரிவில் ஏறும்போதும் டயர் உருளுவதோடு நில்லாமல் சறுக்கிச் சுழல்கிறது. டயரின் பட்டைகள் மண்ணைப் பிறாண்டி எடுக்கின்றன. பின்னால் வரும் வண்டிகள் அதே தடத்தில் வருகின்றன. மண் ஈரமாக இருந்தால் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றறைகள் நசுங்கி, தடத்தின் அடி இறுகிப் போகிறது. இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நேர்ந்துவிடுகிறது என்பது மண்ணியலார் கண்ட உண்மை. ‘கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம், கெட்டால் நிறுத்திக் கொள்வோம்’ என்பது அதனால்தான் சரிப்படாது.

அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் 1942 முதல் 1944 வரை இராணுவம் டாங்கிப் பயிற்சி நடத்தியது. எண்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தடங்கள் பல இடங்களில் மறையவில்லை. டாங்கி வேறு, குவாட் பைக் வேறு என்பது உண்மையே. ஆயினும் மழை குறைந்த நாட்டில் மண்ணின் காயம் ஆற எத்தனை காலம் ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்நாட்டில் 1972-இலேயே ஜனாதிபதி நிக்சன், பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று குறித்துத் தரும்படி துறைகளுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று.

இனி அணை நிலத்துக்கு வருவோம். 1934-இல் கட்டி முடிந்த இந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு மட்டம் 120 அடி; நிறைந்தால் நீர் பரவும் பரப்பு 59 சதுர மைலுக்கு மேல். மட்டம் இறங்க இறங்க, ஆண்டுதோறும் காவிரி கொண்டுவந்து படியவிட்ட வண்டல் வெளியே வருகிறது. அதில் நிலக்கடலை, சோளம், கேழ்வரகு, எள், வெள்ளரி என்று அவரவர் வசதிப்படி போடுகிறார்கள். உரச் செலவு குறைவு. அடி ஈரமே பயிரைத் தாங்கும். ஆனால் இது காலத்தோடு ஆடும் சூதாட்டம். 2023 அக்டோபர் 10-ஆம் தேதி பாசனத்துக்கு நீர் நிறுத்தப்பட்டபோது மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தது. 2024 ஜூலை முதல் பாதியில் 50 அடிக்கும் கீழே இருந்த அதே அணை, கர்நாடகத்தில் பெய்த மழையால் ஜூலை 30-ஆம் தேதி 120 அடியை எட்டிவிட்டது. சுமார் நூறு நாள் பயிரான நிலக்கடலையைப் போடுபவர் ஒரு வாரத்தை இழந்தாலும் அறுவடையை இழக்க நேரலாம்.

இந்த நிலத்தில் வண்டி ஓடினால் என்ன? வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும். நான்கு விரற்கடை கீழே ஈரம் இருக்கும். சக்கரம் மேல் ஓட்டை உடைத்து, ஈரக் களியைப் பிசைந்து விட்டுப் போகும். அது காய்ந்தால் செங்கல். நிலக்கடலையின் பூ உதிர்ந்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். மேல்மண் இறுகினால் விழுது இறங்காது. இறங்கிக் காய்த்தாலும் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். அணைக்குள் பயிர் வைத்த விவசாயி, தண்ணீர் வருமோ என்ற கவலையோடு, காய் பறிக்க ஆள் கிடைக்காத கவலையும் படுபவர். அவர் நிலத்தில் தோண்டி எடுக்கும் வேலையையும் சேர்ப்பது நியாயமா?

அவருக்கு அங்கே பட்டா இல்லை என்பதுதான் இதில் கசப்பான பகுதி. நிலம் அரசினுடையது, நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. நாளை ஒரு சுற்றுலா நிறுவனம் நந்தி வரை வண்டி விட அனுமதி கேட்டால், கேட்கும் இடத்திலும் கொடுக்கும் இடத்திலும் உழுகிறவர் இருக்க மாட்டார். பட்டா இல்லாதவருக்கு நஷ்ட ஈடும் எளிதில் கிடைக்காது. இந்த நீர்த்தேக்கத்துக்காகத் தம் ஊரையும் நன்செய்யையும் கோயிலையும் விட்டு எழுந்து போன குடும்பங்களின் வாரிசுகள் பலர் இன்றும் இக்கரையில்தான் வாழ்கிறார்கள். பயணிக்கு அந்த நந்தி ஒரு காட்சி. அவர்களுக்கு அது பாட்டன் ஊரின் எல்லை.

துருக்கியில் கப்படோக்கியா என்றொரு பகுதி. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறைப் பள்ளத்தாக்குகள். பாறையைக் குடைந்த பழைய கிறிஸ்தவக் கோயில்கள். அதன் கோரேமே பகுதியை 1985-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. குவாட் பைக் சுற்றுலாவுக்கு அது இன்று பேர்பெற்ற இடம். மாலை வெயிலில் வண்டிகள் சாரி சாரியாகத் தூசு கிளப்பிக்கொண்டு போகும். அதே பள்ளத்தாக்குகளின் பாறைச் சுவர்களில் சின்னச் சின்னத் துளைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். அவை புறாக்கூடுகள். அவ்வூர் விவசாயிகள் புறா எச்சத்தைச் சேர்த்துத் திராட்சைக்கும் சர்க்கரை பாதாமிக்கும் எருவாகப் போடுவதற்குக் குடைந்தவை. பாறைக் கோயிலை வியப்பவர்கள், அந்த எருக்கூடும் பாரம்பரியச் சின்னமே என்று எண்ணுவது அரிது. தூசும் சும்மா இல்லை. இலைமேல் படிந்தால் சூரிய ஒளியை மறைக்கும். தூசு படிந்த செடியில் சிலந்திப்பேன் பெருகும். சேலம், நாமக்கல் பகுதியில் மண்சாலையோரம் மரவள்ளி போட்டிருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் பாரம்பரியம் என்பது கோபுரம் மட்டுமன்று. சேலம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் வரப்பு ஓரத்திலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. பழங்காலக் கல்வட்டங்கள் கரட்டு மேட்டில் வெறும் கற்குவியலாகத் தோன்றும். விவரம் தெரியாத வழிகாட்டி அவற்றின் மேலேயே வண்டியைத் திருப்புவார். விவரம் தெரிந்த ஊர்ப் பெரியவர் பத்தடி தள்ளியே செருப்பைக் கழற்றுவார்.

மலைச்சரிவின் கதை இன்னும் கடினமானது. கொளத்தூர்ப் பக்கத்துப் பாலமலையானாலும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள கொல்லிமலையானாலும், சாமையும் கேழ்வரகும் விளையும் மலைக்காடுகளில் மேல்மண் மெல்லியது. சரிவை நோக்கி நேராக இறங்கும் ஒரு சக்கரத் தடம், அடுத்த மழையில் வாய்க்காலாகும். அதற்கடுத்த மழையில் பள்ளமாகும். சம உயர வரப்பு கட்டி மழைநீரைக் குறுக்கே நிறுத்துங்கள் என்று விவசாயிகளிடம் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அந்த வரப்பைத் தாண்டிக் குதிப்பதுதான் இந்த வண்டிக்காரருக்கு வேடிக்கை. மேட்டூரைச் சுற்றிய சரிவுகளில் அரித்த மண் போகும் இடம் எது என்று கேட்க வேண்டியதில்லை. அணை கட்டிய பின் முதன்முறையாக 2017 மே மாதத்தில் அங்கே வண்டல் தூர்வாரும் வேலை தொடங்கியது; விவசாயிகள் வண்டி வண்டியாக மண் எடுத்துப் போனார்கள். ஒருபுறம் அள்ளிக்கொண்டே மறுபுறம் கொட்டுவதற்கு வழிசெய்வது அறிவுடைமையாகாது.

அப்படியானால் இந்தச் சுற்றுலாவே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. மானாவாரிக் காட்டை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, கோடையில் வழிகாட்டி வேலையோ, பயணிகளுக்குக் கம்பங்கூழும் மீன்குழம்பும் விற்கும் வருமானமோ கிடைத்தால் நல்லதே. இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போவது சற்றுக் குறையும். ஆனால் இடம் பிரித்தாக வேண்டும். அணையின் நீர்ப்பரப்பு நிலத்துக்குள் எந்தக் காலத்திலும் சக்கரம் இறங்கக்கூடாது. நந்தியைப் பார்க்க வருவோர் கரையில் வண்டியை விட்டு நடந்து போகட்டும். காப்புக்காடு வனத்துறையின் சட்டத்துக்கு உட்பட்டது. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மீதியுள்ள இடத்தில், ஏற்கெனவே இறுகிப்போன பழைய வண்டித்தடங்களில் மட்டும், ஊரார் குறித்துக் கொடுத்த பாதையில், தரை காய்ந்திருக்கும் மாதங்களில் ஓட்டலாம். மழை பெய்து நான்கு நாள் வரை வண்டி எடுக்கக்கூடாது. வரப்பு, ஓடைக்கரை, மேய்ச்சல் கரடு மூன்றும் விலக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டணம் ஊராட்சிக்குச் சேர்ந்து, தடத்தில் குறுக்குக் கல் போட்டு நீரைத் திருப்பிவிடும் வேலைக்கே செலவாக வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்ட பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது நடைபாதைகளைக் குறித்து, உள்ளூர் மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி மலையேற்றத்தைத் திறந்தது. குறித்த பாதை, குறித்த ஆள்தொகை, ஊர்க்காரர் வழிகாட்டி. காலால் நடப்பவருக்கே இத்தனை ஒழுங்கு என்றால், என்ஜினோடு வருபவருக்கு அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கட்டாயமாக்கிய பாதுகாப்புக் கட்டமைப்பு இல்லாத வண்டியை இங்கே அனுமதிக்கவும் காரணமில்லை.

கிராம சபை மே முதல் தேதி கூடுகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அணையின் மட்டம் தாழ்ந்து, உள்ளே பயிர் நிற்கும் காலமும் அதுதான். பண்ணவாடி, கொளத்தூர்ப் பக்கத்து ஊராட்சிகள் தத்தம் எல்லைக்குள் வண்டி போகலாகாத சர்வே எண்களையும், போகக்கூடிய வண்டித்தடங்களையும் பட்டியல் போட்டு, பட்டா இல்லாத அணை நிலச் சாகுபடியாளர் பெயர்களையும் சேர்த்து, அந்தக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிட வேண்டும். அதன் நகல் ஒன்று நீர்வளத் துறைக்கும் மற்றொன்று மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். எந்த நிறுவனமும் இன்னும் விண்ணப்பம் போடாத இந்த நேரம்தான் அதற்கு வசதி.