பலூன் எவ்வளவு நேரம் மேலே நிற்கும்?

பொங்கலுக்குப் பொள்ளாச்சி போய்ட்டு வந்த தங்கச்சி பையன் கேட்ட கேள்விதான் தலைப்பு. "மாமா, அது எவ்ளோ நேரம் மேலயே இருக்கும்?" பொள்ளாச்சியில 2015-லேர்ந்து பலூன் திருவிழா நடக்குது. சின்னவன் ஏறினது கயிறு கட்டின பலூன். ஏறினான், ஒரு போட்டோ, இறங்கிட்டான். அவன் கேட்டதுல நியாயம் இருக்கு.

கூட இருந்த நண்பர் உடனே, "நம்ம நெய்வேலியிலயும் விடணும் சார், சுரங்கத்தை மேலேர்ந்து சுத்திக் காட்டலாம்"னு ஆரம்பிச்சுட்டார். எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் கணக்கு போட்டுட்டு சொல்றேன்.

பலூன்ல இருக்கறது வெறும் காத்துதான். உள்ள இருக்கற காத்து சூடு, வெளிய இருக்கற காத்தைவிட லேசு, அதனால மேல போகுது. உள்ள 100 டிகிரி, வெளிய 10 டிகிரின்னா ஒரு கன மீட்டருக்கு சுமார் 300 கிராம் தூக்கும். வெளிய 30 டிகிரின்னா 220 கிராம்தான். நாலஞ்சு பேர் ஏறுற 3,000 கன மீட்டர் பலூன்ல இந்த வித்தியாசமே 240 கிலோ! அதாவது குளிர்ல எடுத்துட்டுப் போகக்கூடிய எரிவாயுல ஒரு பெரிய பங்கு நம்ம ஊர் வெயில்ல கிடையாது. நம்ம மே மாசத்துல வெளிய 40 டிகிரி. கேக்கவே வேணாம்.

அப்புறம் அந்தத் துணி. நைலான். நம்ம வீட்டு போர்வை அளவுக்குக்கூட சூட்டைப் பிடிச்சு வைக்காது. அதனால பர்னரை விட்டு விட்டு எரிச்சுக்கிட்டே இருக்கணும். இந்த சைஸ் பலூனுக்கு மணிக்கு சுமாரா 50 கிலோ வாயு. நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் பதினேழு நிமிஷம் வரும். ஒரு சீரியல் எபிசோடு முழுசாப் பாக்க ஒரு சிலிண்டர் பத்தாது :-) அதனாலதான் சவாரி பலூனெல்லாம் ஒரு மணி நேரத்துல இறங்கிடுது. இருக்கற வாயுல கொஞ்சம் மிச்சம் வச்சுக்கிட்டுதான் இறங்கவும் செய்வாங்க, இடம் தேடணுமே. பொள்ளாச்சியில கிளம்பினது பாலக்காடு பக்கம் வயல்ல போய் இறங்கியிருக்கு.

சரி, அதிகபட்சம்? 1997 ஜனவரியில ரெண்டு ஜப்பான்காரங்க, மிச்சியோ கண்டாவும் ஹிரோசுகே டக்கெசாவாவும், 50 மணி 38 நிமிஷம் மேல இருந்தாங்க. மாசத்தை கவனிங்க. ஜனவரி! 2017-ல ரஷ்யாவோட ஃபியோதர் கொன்யுகோவ் ஜோடி 55 மணி நேரத்தைத் தாண்டினாங்க, அதுவும் அந்த ஊர்க் குளிர்ல. நம்மாளு விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பர் 26-ல மும்பையிலேர்ந்து 21,027 மீட்டர் உயரம் போனார், 67 வயசுல. அது உயரத்துக்கான சாதனை. நேரம்னு பார்த்தா அரை நாள்கூட இல்லை.

"1999-ல உலகத்தையே சுத்தினாங்களே, பத்தொம்பது நாள்?"னு சிலர் கேப்பாங்க. பிரைட்லிங் ஆர்பிட்டர். 19 நாள் 21 மணி 47 நிமிஷம், உண்மைதான். ஆனா அது கலப்படம். உள்ள ஹீலியம், கூட சூடான காத்து. ஹீலியம் தானே தூக்கும், பர்னர் ராத்திரி குளிர்ல மட்டும் கைகொடுக்கும். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கறது சைக்கிளையும் மொபெட்டையும் ஒரே ரேஸ்ல விடற மாதிரி.

பெரிய பலூனா செஞ்சா கொஞ்சம் கூட நேரம் நிக்கும். டம்ளர் காபி ஆறிடும், அண்டா தண்ணி ஆறாது, அதே கணக்கு.

இப்ப நெய்வேலிக்கு வர்றேன். சுரங்கத்து மேல சுதந்திரமா பறக்க விடறதுங்கறது நடக்காத பேச்சு. பவர் ஸ்டேஷனைச் சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹை டென்ஷன் லைன். பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது, காத்து எங்க தள்ளுதோ அங்கதான். வெட்டிப் போட்ட கறுத்த நிலம் வெயில் ஏறினதும் சூடாகி காத்தை மேல தள்ளும். பருந்துக்கு அது ஜாலி, பலூனுக்கு வினை.

மிச்சம் இருக்கறது கயிறு கட்டின பலூன். அதை "பலூன் பயணம்"னு போஸ்டர் அடிச்சு டிக்கெட் விக்கறதுதான் எனக்குப் பிடிக்காதது. எத்தனை நிமிஷம், எத்தனை அடி உயரம்னு டிக்கெட்லயே போடட்டும். குழந்தை ஏமாறாம இருக்கும்.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். முப்பத்தி மூணு வருஷம் மைன்ஸ்ல இருந்தவர். பக்கெட் வீல் மெஷின் பக்கத்துல நின்னு அண்ணாந்து பார்த்தே சர்வீஸ் முடிஞ்சுது. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸை ஒப்படைச்சுட்டு, இப்ப இந்திரா நகர்ல இருக்கார். மேலேர்ந்து மைன்ஸைப் பார்க்கணும்னு அவருக்கும் ஒரு ஆசை இருந்திருக்கு, எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"கயித்துல கட்டினதுல ஏறினா டவுன்ஷிப் மரம்தான்பா தெரியும், மைன்ஸ் தெரியாது"ன்னேன்.

"மரம் தெரிஞ்சா போதும்டா. நாங்க வந்தப்ப பாதி மரம் என் முழங்கால் உயரம். எத்தனை நிமிஷம்னு சொன்ன?"

"பத்து இருக்கும்."

"காலையிலயா?"

ஜனவரி மாசம், காலை ஆறரை மணி, காத்து இல்லாத நாள். யாராவது ஏற்பாடு பண்றதா இருந்தா சொல்லுங்க. வேஷ்டி மடிச்சுக் கட்டிக்கிட்டு மனுஷன் ரெடியா இருக்கார்.