சக்கரம் போகும் ஆற்றங்கரை



இந்த இதழின் பயணப் பக்கங்களைச் சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குக் கொடுத்திருக்கிறோம். எல்லாரும் போய்வந்த இடம்தானே என்று கேட்பீர்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று யாரும் நமக்கு எழுதிச் சொன்னதில்லை. அதனால்தான்.

காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு அது நேர்கோடான கான்கிரீட் கால்வாயாகக் கிடந்தது. மழைநீரை விரைவாக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக அதைத் திருப்பித் தந்தன. பெயர்த்த கான்கிரீட்டைக் கொண்டே பூங்காவுக்குள் ஒரு குன்றும் எழுந்தது. சுவர் இருந்த இடத்தில் இன்று புல் சரிவு. கனமழையில் ஆறு அதன்மேல் பரவிக்கொள்ளும்.

அம்மாவை நாற்காலியில் வைத்து அந்தக் கரையோரம் தள்ளிக்கொண்டு போனேன். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடைபாதையில் இருந்தபடியே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. அவருக்கு அது போதவில்லை! ஆற்றைக் கடக்கப் போட்டிருக்கும் கற்கள் நமக்கு ஆகாது. பாலத்துக்குத்தான் போக வேண்டும்.

நடக்கிறவர் கண்ணில் படாத சங்கதிகள்தான் நாற்காலியில் இருப்பவரின் மாலைப் பொழுதைத் தீர்மானிக்கின்றன. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நீளத்தைக் குறைத்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்; தானே உருட்டி வருகிறவர் பாதியில் நின்றுவிடுவார். அதைவிடப் பொல்லாதது வடிகால் மூடி. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. மூடியின் கம்பிகள் நாம் போகும் திசையிலேயே ஓடினால், சக்கரம் இடுக்கில் இறங்கிச் சட்டென்று நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அதே மூடியைக் குறுக்காகப் பதித்து, இடுக்குகளையும் குறுகலாக விட்டால் ஆபத்தில்லை. பாதை போடும் நாளிலேயே நாற்காலியில் வரும் ஒருவரைக் கூப்பிட்டு உருட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருவது இதற்காகத்தான்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர் ஏறும்போது பூங்காவில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், வானம் கறுத்ததுமே மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் ஊர் ஆற்றங்கரையில் நாற்காலி எதுவரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது? கழிப்பறைக் கதவு போதிய அகலமா? நிழலில் நாற்காலியை நிறுத்த இடமிருக்கிறதா? எழுதுங்கள். படமும் அனுப்பினால் அடுத்த இதழில் ஊர் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்