கடைசியாகக் கிளம்புபவர் மெயின் சுவிட்சை அணைக்கட்டும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அஞ்சடியை ஒட்டி ஒரு கடைவீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாக அங்கே ஒரு தையல்காரர் மட்டும்தான். இரவு ஒன்பது மணிக்குக் கத்தரியை எடுத்து வைப்பார், மெயின் சுவிட்சை அணைப்பார், கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவார். வாடகை கட்டுப்படியாகாமல் கடையின் முன்பாதியைப் பூ வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவுக்கு விடுகிறார். அன்றிரவும் ஒன்பது மணி ஆனதும் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புகிறார். காலையில் வந்து பார்த்தால், குளிர்பெட்டியில் வைத்த மல்லிகை முழுவதும் பழுப்பேறிக் கிடக்கிறது.

தையல்காரர் புதிதாக எதையும் செய்யவில்லை. நேற்று வரை சரியாக இருந்த அதே வேலையைத்தான் இன்றும் செய்தார். கூட இன்னொருவர் வந்ததும் அதுவே தப்பாகிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், பிராசசரின் ஒற்றை கோருக்காக எழுதிய டிரைவரை இரண்டு கோருக்கு நீட்டும்போது, ரிவியூ செய்கிறவர் தேடுவது பெரும்பாலும் இந்த ரகத் தப்பைத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகள். கிள்ளானில் வீடு, பூச்சோங்கில் சிப் வடிவமைப்பு வேலை. போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். இலைக்கு மேலே கைப்பேசியை நீட்டி, “மாமா, ரெண்டாவது கோருக்கான என் டிரைவர் பேட்ச், இது ஏழாவது வெர்ஷன். இன்னும் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்றாள். அவள் அம்மா பதறிப்போய், “உனக்கு வேலை தெரியலன்னு சொல்றாங்களா?” என்று கேட்டாள். தங்கையைக் குறை சொல்ல முடியாது. திருத்தம் என்றாலே சிவப்பு மை என்றுதான் நம் பள்ளிக்கூடங்கள் பழக்கியிருக்கின்றன.

அந்தக் கேள்விகள் எதற்கு என்று புரிய, முதலில் கோப்ராசசர். ஒரு சிப்புக்குள் லினக்ஸ் ஓடும் பெரிய பிராசசருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பிராசசர்களும் இருக்கும். ஒன்று வீடியோவைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று சென்சாரை. இவற்றுக்குள் லினக்ஸ் ஓடாது. தமக்கென்று ஒரு சின்ன ஃபர்ம்வேரை வைத்துக்கொண்டு ஓடும். அந்த ஃபர்ம்வேரை நினைவகத்தில் ஏற்றுவது, மின்சாரம் கொடுப்பது, ரீசெட்டிலிருந்து விடுவிப்பது, மயங்கி விழுந்தால் மறுபடி எழுப்புவது எல்லாம் லினக்ஸின் பொறுப்பு. ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தன் வழியில் செய்துகொண்டிருந்த காலத்தில், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பக்கத்திலிருந்து வந்த ‘ரிமோட்பிராக்’ என்ற பொதுச் சட்டகம் 2012இல் லினக்ஸ் 3.4 பதிப்பில் சேர்ந்தது.

அந்தச் சட்டகத்தின்மேல் மீடியாடெக் நிறுவனமும் தன் டிரைவரை எழுதியது. எம்டி8183 சிப்பில் எஸ்சிபி என்ற கோப்ராசசருக்கு ஒரே கோர். பிறகு வந்த எம்டி8195இல் இரண்டு. குரோம்புக் மடிக்கணினிகளில் இருக்கும் சிப் அது. டிரைவருக்கோ முதல் கோரை மட்டுமே எழுப்பத் தெரியும். பக்கத்திலிருந்த இரண்டாவது கோர் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் பேட்ச் வரிசை, அதாவது கோடுக்கான திருத்தத் தொகுப்பு, பத்துக்கும் மேற்பட்ட வெர்ஷன்களைக் கண்டு, 2023இல்தான் ஏற்கப்பட்டது. எழுப்பும் ஃபங்ஷனை இரண்டு தரம் கூப்பிட்டால் போதாதா என்று யாருக்கும் தோன்றும்.

போதாது. அந்த இரண்டு கோர்களுக்கும் எல்2 டிசிஎம் என்ற வேகமான நினைவகம் பொது. அதற்கு மின்சாரம் கொடுக்கிற இடமும் ஒன்றுதான். நம் கடைவீட்டு மெயின் சுவிட்ச் இதுவே. முதல் கோர் நிற்கும்போது பழைய டிரைவர் அந்த நினைவகத்தை அணைத்துவிட்டுப் போனால், இரண்டாவது கோரின் காலடியில் தரையே இல்லாமல் போகும். அதனால் புதிய கோடில் ஓர் எண்ணிக்கை வைத்தார்கள். உள்ளே வருகிறவர் ஒன்றைக் கூட்டுவார், வெளியே போகிறவர் ஒன்றைக் கழிப்பார். பூஜ்யத்தில் நுழைகிறவர் விளக்கைப் போடுவார், பூஜ்யமாக்கிவிட்டுப் போகிறவர் அணைப்பார். நான்கைந்து வரிக்குமேல் இல்லை.

அந்த நான்கைந்து வரிக்குள்ளும் ஒரு பொறி உண்டு. இரண்டு கோர்களையும் எழுப்பும் வேலை ஒரே நொடியில் நடந்தால்? இரண்டு பேரும் ‘எண்ணிக்கை பூஜ்யம்’ என்று படித்துவிட்டு, இரண்டு பேரும் சுவிட்சில் கை வைப்பார்கள். இன்னொரு பக்கம், ஒருவர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு மின்சாரம் வந்து நிலைப்பதற்குக் காத்திருக்கும்போதே மற்றவர் ‘ஒன்று’ என்று பார்த்து, விளக்கு எரிகிறது என்ற நம்பிக்கையில் இருட்டுக்குள் கால் வைக்கலாம். ஆகவே எண்ணுவதும் சுவிட்சைத் தொடுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் விட்டார்கள். பின்னால் பிரிக்பீல்ட்ஸே ரயில்வே பணிமனையும் குவார்ட்டர்ஸும் நிறைந்த பேட்டையானது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு ரயில்வேதான் சோறு போட்டது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமலிருக்க, ஒரு துண்டுத் தடத்துக்கு ஒரே ஒரு டோக்கன் என்பது ரயில்வேயின் பழைய வழக்கம். டோக்கன் கையில் இல்லாத டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. கெர்னலில் ‘மியூடெக்ஸ்’ என்பது இந்த டோக்கன்தான். அதற்கு அண்ணன்முறையான ‘செமஃபோர்’ என்ற பெயரை 1960களின் தொடக்கத்தில் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் ரயில்வே கைகாட்டியிலிருந்துதான் எடுத்தார். கைகாட்டி மரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பேட்டைப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே சொல்லை இன்று கோடில் தட்டச்சு செய்கிறார்கள். கட்டுரைக்கு இது அவசியமில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் காகிதத்தில் கண்ணுக்கே தெரியாது. கோப்ராசசர் மயங்கி விழுந்தால் லினக்ஸுக்குச் சொல்ல ‘வாட்ச்டாக்’ என்ற காவல் கடிகாரம் இருக்கிறது. இரண்டு கோருக்கு இரண்டு கடிகாரம், இரண்டு மணிக்கம்பி என்றுதானே நினைப்போம்? எம்டி8195இல் இரண்டாவது கோரின் கடிகாரமும் முதல் கோரின் மணிக்கம்பியிலேயே கோக்கப்பட்டிருக்கிறது. மணி அடித்தால் முதல் கோருக்கான கோடுதான் எழுந்து வரும். விழுந்தது தானா, பக்கத்து வீடா என்று அது பார்த்தாக வேண்டும். சரி, விழுந்தது இரண்டாவது கோர்தான் என்று தெரிந்துவிட்டது, அதை மட்டும் எழுப்பினால் போதுமா? இரண்டும் பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், எந்தக் கோர் விழுந்தாலும் இரண்டிடமும் சொல்லி எஸ்சிபி முழுவதையும் புதிதாகத் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். இந்த முடிவு எந்த ஒரு வரியிலும் இல்லை. வரி வரியாகப் படிப்பவர் கண்ணில் படாது. ‘ஒன்று விழுந்தால் மற்றது என்ன ஆகும்?’ என்று கேட்பவருக்கே அகப்படும்.

மற்றவை வழக்கமான கேள்விகள். இரண்டாவதைச் சேர்க்கும்போது பாதியில் தோற்றால் முதலாவதை யார் கழற்றுவது? ஏற்கெனவே விற்றுப்போன, எஸ்சிபியில் ஒற்றை கோர் உள்ள கணினிகள் நாளைக்கும் பழையபடி ஓடுமா?

இத்தனை கண்களுக்குத் தப்பியும் போவது உண்டு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கே3 வகைச் சிப்புகளில் ஆர்5எஃப் கோர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். தனித்தனியாக ஓடும் முறையில் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. எழும்போது 0ஆவது கோர் முந்த வேண்டும், நிற்கும்போது 1ஆவது முந்த வேண்டும். இயந்திரம் தொடங்கும்போது டிரைவர் கோர்களை அந்த வரிசைப்படியே கையில் எடுத்தது. ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சிஸ்எஃப்எஸ் வழியாக, அதாவது ஒரு கோப்பில் ஒரு சொல்லை எழுதி, 1ஆவது கோரை முதலில் எழுப்பப் பார்த்தால் தடுக்க யாருமில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது 2024இல், டிரைவர் கெர்னலுக்குள் வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. முன்வாசலில் காவல் போட்டுவிட்டுப் பின்கட்டை மறந்த கதை. எழுதியவருக்குத் தோன்றாத கேள்வி ரிவியூ செய்தவருக்கும் தோன்றாமல் போகலாம். அதனால்தான் ஒருவர் பார்த்தால் போதாது என்கிறேன்.

இந்தப் பேச்சு நம் நாட்டுக்கும் பொருந்தும். மலேசியா 2024 மே மாதம் தேசியச் செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தது. 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது அதன் இலக்குகளில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சோங்கில் சிப் வடிவமைப்புப் பூங்காவும் திறந்தது. பினாங்கில் சிப்பைப் பொதிந்து, சோதித்து அனுப்பிய ஐம்பதாண்டுப் பழக்கத்திலிருந்து வடிவமைப்புக்கு ஏறுவது நல்ல காரியம். ஆனால் டிரைவர் இல்லாத கோர், எம்டி8195இன் இரண்டாவது கோரைப் போலத் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த 60,000 பேரில் எத்தனை பேருக்கு எழுதச் சொல்லித் தருவோம், எத்தனை பேருக்கு அடுத்தவர் எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கச் சொல்லித் தருவோம் என்பதையும் யாராவது யோசித்தால் தேவலை. பேட்டிகளில் முதலாவது மட்டுமே காதில் விழுகிறது.

ரசம் வந்தது. ஏழாவது வெர்ஷனுக்கு என்னதான் கேட்டிருக்கிறார்கள் என்று தங்கை மகளிடம் கேட்டேன். திரையை நகர்த்திக் காட்டினாள். ஒரே வரி. முதல் கோர் பாதி எழுந்த நிலையில் இரண்டாவதை நிறுத்தச் சொன்னால் எண்ணிக்கை என்ன காட்டும்?

“என்ன காட்டும்?”

“தெரியல மாமா.” இலையை மடித்துவிட்டு, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் கமுட்டர் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதா என்று பார்த்தாள். பில்லின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, நடுவில் ஒரு பூஜ்யம் எழுதினாள்.